ஊசிக்கு முன் ஒரு ஸ்கேன்: கட்டியின் குணத்தை எம்.ஆர்.ஐ. எவ்வளவு தூரம் சொல்லும்?

1971 மார்ச்சில் 'சயின்ஸ்' இதழில் ரேமண்ட் டமாடியன் என்ற அமெரிக்க மருத்துவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். எலிகளிடமிருந்து எடுத்த புற்றுக்கட்டித் துண்டுகளையும் நல்ல திசுத் துண்டுகளையும் காந்தப்புலத்தில் வைத்து, ரேடியோ அலையைச் செலுத்திப் பார்த்திருந்தார். அலையை நிறுத்தியதும் திசுவின் நீரில் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் பழைய நிலைக்குத் திரும்பும். அதற்கு ஆகும் நேரம் புற்றுக்கட்டியில் நீண்டிருந்தது. இனி உடலைக் கீறாமல், வெளியில் இருந்தபடியே புற்றுநோயைக் கண்டுபிடித்துவிடலாம் என்று டமாடியன் நம்பினார்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1977 ஜூலை 3 அன்று, 'இன்டாமிட்டபிள்' என்று பெயரிட்ட இயந்திரத்துக்குள் மனித உடலை வைத்துப் படம் எடுத்தார். அதற்கு முன் தானே உள்ளே உட்கார்ந்து பார்த்திருந்தார், சிக்னல் வரவில்லை. அவரைவிட ஒல்லியான லாரி மின்காஃப் என்ற ஆராய்ச்சி மாணவர் உட்கார்ந்தபோதுதான் வந்தது. மார்பின் ஒரே ஒரு குறுக்குவெட்டுப் படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் பிடித்தது. 2003இல் எம்.ஆர்.ஐ.க்கான நோபல் பரிசு பால் லாட்டர்பருக்கும் பீட்டர் மான்ஸ்ஃபீல்டுக்கும் போனது. டமாடியன் பொறுக்காமல் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்துச் சண்டை போட்டார்.

பரிசுச் சண்டை ஒருபுறம் இருக்கட்டும். நோயாளிக்கு வேண்டிய செய்தி வேறு: டமாடியன் நம்பிய அந்த ஒற்றை அளவு, கடைசியில் நல்ல கட்டியையும் புற்றுக்கட்டியையும் பிரித்துக் காட்டவில்லை. திசுவில் நீர் கோத்துக்கொண்டாலும் அந்த நேரம் நீளும், சாதாரண அழற்சியிலும் நீளும். இன்றும் "இந்த எண் வந்தால் புற்று" என்று சொல்லும் எம்.ஆர்.ஐ. இயந்திரம் எதுவும் கிடையாது. பலவகைப் படங்களைச் சேர்த்துப் பார்த்து, சந்தேகம் எவ்வளவு என்று கணிக்கும் முறைதான் உண்டு. அந்தக் கணிப்பு எந்த உறுப்பில் எவ்வளவு நம்பத்தக்கது என்று தெரிந்துகொண்டால், கையில் ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு தூக்கம் தொலைக்கும் குடும்பங்களின் பாதிப் பயம் குறையும்.

மருத்துவர் படத்தில் எதைத் தேடுகிறார்?

கட்டி எங்கே இருக்கிறது, எவ்வளவு பெரியது, விளிம்பு ஒழுங்காக இருக்கிறதா, பக்கத்து உறுப்பைத் தொட்டுவிட்டதா என்பதெல்லாம் சாதாரண எம்.ஆர்.ஐ. படங்களிலேயே தெரியும். குணத்தை ஊகிக்க அதற்கு மேலும் சில படங்கள் தேவை.

அவற்றில் முதன்மையானது டிஃப்யூஷன் படம். திசுவுக்குள் நீர் மூலக்கூறுகள் எவ்வளவு தாராளமாக அசைகின்றன என்பதை இது அளக்கிறது. புற்றுக்கட்டியில் செல்கள் நெருக்கியடித்துக்கொண்டு இருப்பதால், தேர்த் திருவிழாக் கூட்டத்தில் சிக்கியவரைப் போல நீர் நகர இடமில்லாமல் தவிக்கிறது. இந்த அசைவின் அளவுக்கு ஏ.டி.சி. என்று பெயர். உடல் வெப்பநிலையில் தடையில்லாத நீரின் அளவு சுமார் 3 என்றால், செல்கள் அடர்ந்த புற்றுக்கட்டிகளில் அது 1ஐ ஒட்டியோ அதற்குக் கீழோ இறங்கிவிடும். ரிப்போர்ட்டில் 'டிஃப்யூஷன் ரெஸ்ட்ரிக்‌ஷன்' என்று வரும் தொடர் இதைத்தான் குறிக்கிறது. ஆனால் அந்த வரியைக் கண்டதுமே புற்றுநோய் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. சீழ்க்கட்டிக்குள் இருக்கும் கெட்டியான சீழும் நீரின் அசைவை இதேபோல முடக்கும்.

அடுத்தது ரத்த ஓட்டம். வேகமாக வளரும் கட்டி தனக்கென்று புதிய ரத்தக்குழாய்களை உருவாக்கிக்கொள்ளும். அவசரத்தில் உருவான அந்தக் குழாய்கள் ஒழுகும். கடோலினியம் கலந்த காண்ட்ராஸ்ட் மருந்தைக் கைநரம்பில் ஏற்றி அடுத்தடுத்துப் படம் எடுத்தால், மருந்து எவ்வளவு விரைவாக உள்ளே போகிறது, எப்போது வெளியேறுகிறது என்பது தெரியும். மூன்றாவதாக ஸ்பெக்ட்ராஸ்கோபி. கட்டிக்குள் இருக்கும் சில வேதிப்பொருள்களின் அளவை இது வரைபடமாகக் காட்டும். மூளைக்கு வெளியே இதன் பயன் குறைவு.

புராஸ்டேட்: ஆய்வுகள் அதிகம் நடந்த இடம்

எம்.ஆர்.ஐ. மருத்துவ நடைமுறையையே புரட்டிப்போட்ட உறுப்பு புராஸ்டேட் சுரப்பிதான். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் கூடியிருக்கிறது என்றால், முன்பெல்லாம் ஆசனவாய் வழியாக அல்ட்ராசவுண்ட் கருவியைச் செலுத்தி, சுரப்பியின் வெவ்வேறு இடங்களில் 10, 12 ஊசி போட்டுத் திசு எடுப்பார்கள். கட்டி எங்கே என்று தெரியாமலே போடும் ஊசி. பட்டால் உண்டு, படாவிட்டால் இல்லை.

இந்தக் குருட்டு ஊசியை எம்.ஆர்.ஐ.யோடு நேருக்கு நேர் ஒப்பிட்டது பிரிட்டனில் நடந்த 'பிராமிஸ்' ஆய்வு. 576 ஆண்கள் எம்.ஆர்.ஐ. எடுத்துக்கொண்டார்கள், வழக்கமான ஊசிப் பரிசோதனையும் செய்துகொண்டார்கள். இவை இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல, சுரப்பி முழுவதிலும் 5 மில்லிமீட்டர் இடைவெளியில் திசு எடுக்கும் கடுமையான சோதனையும் நடந்தது. 2017இல் 'லான்செட்' இதழ் முடிவை வெளியிட்டது. உண்மையிலேயே ஆபத்தான புற்றுநோய் இருந்தவர்களில் 93 சதவீதம் பேரை எம்.ஆர்.ஐ. அடையாளம் காட்டியது. வழக்கமான ஊசி காட்டியது 48 சதவீதம் பேரை. பாதிக்கு மேல் கோட்டைவிட்ட ஒரு பரிசோதனையை உலகமே பல்லாண்டுகளாக நம்பிக்கொண்டிருந்தது என்பதுதான் இதன் பொருள்.

எம்.ஆர்.ஐ.யின் பலவீனமும் அதே ஆய்வில் பட்டவர்த்தனமாகத் தெரிந்தது. ஆபத்தான புற்றுநோய் இல்லாதவர்களில் 41 சதவீதம் பேரை மட்டுமே அது சரியாக விடுவித்தது. மற்றவர்கள் மீது வீண் சந்தேகம் விழுந்தது. இன்னொரு பக்கம், "சந்தேகம் இல்லை" என்று எம்.ஆர்.ஐ. சொன்னவர்களில் நூற்றுக்கு 11 பேருக்கு ஆபத்தான புற்று இருக்கத்தான் செய்தது. ஆகவே, ரிப்போர்ட் நன்றாக வந்துவிட்டது என்று பி.எஸ்.ஏ. பரிசோதனையை அதோடு மறந்துவிடுவது தவறு.

மறு ஆண்டே, 2018இல், 'பிரெசிஷன்' ஆய்வு வந்தது. முதன்மை ஆய்வாளர் லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் வீரு காசிவிசுவநாதன். பெயரைப் படித்ததும் தமிழ் வாசகர் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருவார். 11 நாடுகள், 500 ஆண்கள். ஒரு பிரிவினருக்குப் பழைய முறையில் ஊசி. மறு பிரிவினருக்கு முதலில் எம்.ஆர்.ஐ., அதில் சந்தேகம் தெரிந்த இடத்தில் மட்டும் ஊசி. ஆபத்தான புற்றுநோய் பழைய முறையில் 26 சதவீதம் பேரிடம் பிடிபட்டது, எம்.ஆர்.ஐ. முறையில் 38 சதவீதம் பேரிடம். எம்.ஆர்.ஐ. பிரிவில் 28 சதவீதம் பேருக்கு ஊசியே தேவைப்படவில்லை. இன்னொரு லாபமும் உண்டு: வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் கிடக்கக்கூடிய சிறு புற்றுகளைத் தோண்டியெடுத்து நோயாளியைக் கலங்கடிப்பது 22 சதவீதத்திலிருந்து 9 சதவீதமாகக் குறைந்தது.

நடைமுறையில் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது வரிசைமுறை. எம்.ஆர்.ஐ. முதலில், ஊசி பிறகு. ஊசி போட்ட பின் சுரப்பிக்குள் ரத்தம் கட்டிக்கொண்டு படத்தைக் குழப்பும். அவசரத்தில் ஊசி முந்திவிட்டால், குறைந்தது 6 வாரம் பொறுத்து ஸ்கேன் எடுப்பது நல்லது.

மார்பகம்: மருந்து ஏறி இறங்கும் கோடு

மார்பகத்தில் மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும்தான் முதல் படிகள். எம்.ஆர்.ஐ. எல்லோருக்கும் வேண்டியதில்லை. குடும்ப மரபணுவால் ஆபத்து கூடியவர்களுக்கும், மார்பகத் திசு மிக அடர்த்தியாக இருந்து மேமோகிராமில் தெளிவு கிடைக்காதவர்களுக்கும், ஏற்கெனவே உறுதியான புற்று எவ்வளவு பரவியிருக்கிறது என்று பார்க்கவும் அது கைகொடுக்கும்.

ஜெர்மனியின் கிறிஸ்டியானே கூல் குழு 1999இல் 266 மார்பகக் கட்டிகளில் காண்ட்ராஸ்ட் மருந்தின் போக்கைக் கோடாக வரைந்து பார்த்தது. மருந்து மெதுவாக ஏறிக்கொண்டே போன கட்டிகளில் 6 சதவீதம்தான் புற்று. ஏறி அப்படியே நின்றவற்றில் 64 சதவீதம். சட்டென்று ஏறிச் சட்டென்று வெளியேறியவற்றில் 87 சதவீதம். மார்பக எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டில் 'டைப் 1, 2, 3 கர்வ்' என்று பார்ப்பது இதையே. கடைசி வகையிலும் நூற்றுக்கு 13 கட்டிகள் சாதாரணமானவை, முதல் வகையிலும் நூற்றுக்கு 6 புற்று என்பதால், கோட்டை மட்டும் வைத்து மார்பகத்தை அகற்ற எந்த நல்ல மருத்துவரும் சொல்லமாட்டார்.

மாதவிடாய் நிற்காத பெண்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவசரம் இல்லாத ஸ்கேன் என்றால், மாதவிடாய் தொடங்கி 7ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையே எடுப்பது நல்லது. மற்ற நாள்களில் ஹார்மோன்களின் தாக்கத்தால் நல்ல திசுவே காண்ட்ராஸ்ட் மருந்தை வாங்கிக்கொண்டு மின்னும். பல ஸ்கேன் மையங்களில் இதைக் கேட்பதே இல்லை; நோயாளிதான் சொல்லித் தேதி வாங்க வேண்டும்.

மூளை: நம் ஊரில் கூடுதல் எச்சரிக்கை

"காண்ட்ராஸ்ட் போட்டதும் கட்டி மின்னியது, அப்படியென்றால் கேன்சர்தானே?" என்று கேட்காத குடும்பம் இல்லை. மூளையில் இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். குழந்தைகளுக்கு வரும் பைலோசிட்டிக் ஆஸ்ட்ரோசைட்டோமா பளிச்சென்று மின்னும். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தின் நான்கு படிகளில் அது முதல் படி, அதாவது மிகக் குறைந்த வீரியம். மூளையுறையில் வரும் மெனிஞ்சியோமாவும் அப்படித்தான் மின்னும்; பெரும்பாலும் சாதுவானது. மறுபுறம், மின்னாமலே இருக்கும் வீரியக் கட்டிகளும் உண்டு. 2003இல் கிளையோமா என்ற மூளைக் கட்டி உள்ள 160 நோயாளிகளிடம் நடந்த நியூயார்க் ஆய்வில், சாதாரண எம்.ஆர்.ஐ. வீரியம் மிக்க கட்டிகளில் 72.5 சதவீதத்தைத்தான் சரியாகச் சொன்னது. ரத்த அளவைக் கணக்கிடும் பெர்ஃப்யூஷன் படத்தைப் பயன்படுத்தியபோது அது 95 சதவீதமாக உயர்ந்தது. ஆகவே மூளைக் கட்டி என்றால் பெர்ஃப்யூஷனும் ஸ்பெக்ட்ராஸ்கோபியும் சேர்த்து எடுக்கப்பட்டனவா என்று கேட்டுவிடுவது நல்லது.

அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் எழுதப்படும் பாடநூல்கள் அவ்வளவாக அழுத்திச் சொல்லாத ஒரு சங்கதி இந்தியாவில் உண்டு. இங்கே மூளையில் தெரியும் சிறு வட்டமெல்லாம் கட்டியில்லை. நாடாப்புழுவின் இளம்பருவம் மூளையில் தங்கி உண்டாக்கும் சிஸ்டிசெர்கோசிஸாக இருக்கலாம், காசநோய் முடிச்சாக இருக்கலாம். வலிப்போடு வரும் இளம் வயதினரின் ஸ்கேனில் தெரியும் இந்தச் சிறு வளையத்தை என்ன செய்வது என்ற கேள்விக்கு உலக அளவில் எடுத்தாளப்படும் விடையைத் தந்தவர்கள் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் வேதாந்தம் ராஜசேகரும் மேத்யூ சாண்டியும். அவர்கள் 1990களில் வகுத்த அளவுகோல்கள் சி.டி. ஸ்கேன் காலத்தவை. அடிப்படை இன்றும் செல்லும்: ஒற்றைப் புண், 20 மில்லிமீட்டருக்குக் குறைவு, மூளையை நடுக்கோட்டிலிருந்து தள்ளும் அளவுக்கு வீக்கம் இல்லை, வலிப்பு தவிர நாளுக்கு நாள் கூடும் பலவீனம் இல்லை, மண்டைக்குள் அழுத்தம் கூடியதற்கான அறிகுறி இல்லை, உடலில் வேறெங்கும் நோய் இல்லை. இத்தனையும் பொருந்தினால் அது பெரும்பாலும் புழுப் புண்தான். மண்டையைத் திறக்காமல், வலிப்பு மருந்து கொடுத்துக் கண்காணிக்கலாம்.

காசநோய் முடிச்சுக்கு ஸ்பெக்ட்ராஸ்கோபி உதவும். அதில் கொழுப்பின் சிகரம் உயர்ந்து நிற்கும். ஆனால் நடுவே அழுகிய புற்றுக்கட்டியிலும் கொழுப்புச் சிகரம் வருவதால், அதுவும் தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

ஸ்பெக்ட்ராஸ்கோபி சாதித்த வேறொரு வியப்பும் உண்டு. ஐ.டி.எச். என்ற மரபணு மாறிய கிளையோமாக்களில் 2-ஹைட்ராக்ஸிகுளூட்டரேட் என்ற பொருள் மிகுந்து சேர்கிறது. டல்லஸ் நகர ஆய்வாளர்கள் 2012இல் 30 நோயாளிகளிடம், மண்டையைத் தொடாமலே, எம்.ஆர்.ஐ. வழியாக அந்தப் பொருளை அளந்து காட்டினார்கள். ஐ.டி.எச். மாறிய கட்டிகள் மாறாதவற்றைவிட மெதுவாகப் போகும் இனம் என்பதால் இந்தத் தகவலுக்கு மதிப்பு அதிகம். எல்லா மையங்களிலும் கிடைக்கும் பரிசோதனையாக அது இன்னும் ஆகவில்லை.

கல்லீரல்: ஊசியே வேண்டாத விதிவிலக்கு

எம்.ஆர்.ஐ.யின் சொல்லே கடைசிச் சொல்லாக எடுத்துக்கொள்ளப்படும் முக்கியமான இடம் கல்லீரல். சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ உள்ள பெரியவரின் கல்லீரலில் ஒரு கட்டி தெரிகிறது. காண்ட்ராஸ்ட் மருந்து தமனி வழியாக வரும் முதல் கட்டத்திலேயே அது பளிச்சிடுகிறது. பிறகு சுற்றியுள்ள திசுவைவிட மங்குகிறது. அளவு 2 சென்டிமீட்டர் அல்லது அதற்கு மேல். இந்த அடையாளங்கள் கூடினால் 'லை-ராட்ஸ் 5' என்று எழுதுவார்கள். அதற்குப் பொருள்: கல்லீரல் செல் புற்றுநோய் ஏறக்குறைய உறுதி, திசு எடுக்காமலே சிகிச்சை தொடங்கலாம். இதே படம் சிரோசிஸோ நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றோ இல்லாத ஒருவருக்கு வந்தால் இந்த விதி செல்லாது. பயாப்ஸி, அதாவது திசுப் பரிசோதனை, தேவைப்படலாம்.

கல்லீரலைப் போலவே சினைப்பைக் கட்டிகளுக்கும் 'ஓ-ராட்ஸ்' என்ற மதிப்பெண் உண்டு. அல்ட்ராசவுண்டில் குழப்பமாகத் தெரிந்த கட்டியை 2 என்று எம்.ஆர்.ஐ. மதிப்பிட்டால் புற்றாக இருக்கும் வாய்ப்பு அரை சதவீதத்துக்கும் குறைவு. 5 என்றால் சுமார் 90 சதவீதம். இளம்பெண்ணின் சினைப்பையை அவசரப்பட்டு எடுத்துவிடாமல் காப்பதில் இது பெரிய துணை.

கை, கால், முதுகில் வரும் கட்டிகளில் இன்னொரு ஆபத்து. "கொழுப்புக் கட்டிதான்" என்று சொல்லி, ஸ்கேன் இல்லாமலே அறுத்தெடுத்து, பிறகு பரிசோதனையில் சார்க்கோமா என்ற மென்திசுப் புற்று என்று வருவது உலகெங்கும் நடக்கிறது. 5 சென்டிமீட்டருக்கு மேல் வளர்ந்த கட்டி, தசையுறைக்குக் கீழே ஆழத்தில் இருக்கும் கட்டி, வேகமாகப் பெருகும் கட்டி ஆகியவற்றைத் தொடுவதற்கு முன் எம்.ஆர்.ஐ. எடுத்தே ஆக வேண்டும்.

எண்ணைப் படிக்கும்போது

ஒரு உறுப்பின் மதிப்பெண்ணை வேறொரு உறுப்பின் அளவுகோலால் அளப்பதுதான் குடும்பங்கள் அடிக்கடி செய்யும் பிழை. மார்பகத்துக்கும் புராஸ்டேட்டுக்கும் இதேபோன்ற மதிப்பெண்கள் உண்டு. மார்பக ரிப்போர்ட்டில் 4 என்றால் புற்று வாய்ப்பு 2 சதவீதம் முதல் 95 சதவீதம் வரை எங்கும் இருக்கலாம். சினைப்பையில் 4 என்றால் சுமார் பாதிக்குப் பாதி. 3 என்பது மார்பகத்தில் 2 சதவீதத்துக்கு மேல் போகாத, ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்கும் நிலை; புராஸ்டேட்டில் அது இரண்டுங்கெட்டான் நிலை, பி.எஸ்.ஏ.யும் சுரப்பியின் அளவும் பார்த்து மருத்துவர் முடிவெடுப்பார்.

சந்தேகம் கூடினால் அடுத்த படி ஊசிதான். ஆனால் ஊசி பட்டால் புற்று பரவிவிடும் என்ற பயம் நம்மிடையே ஆழமாக வேரோடியிருக்கிறது. ஊசித் தடத்தில் செல்கள் ஒட்டிக்கொள்வது அரிதாக நடப்பதுதான். அந்த அரிய ஆபத்துக்குப் பயந்து பயாப்ஸியைத் தள்ளிப்போட்டு, எம்.ஆர்.ஐ.யை மட்டும் நம்பி நாட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பது அதைவிடப் பல மடங்கு ஆபத்து. சார்க்கோமா போன்ற சிலவற்றில் மட்டும், பின்னால் அறுவை செய்யப்போகும் மருத்துவரே ஊசித் தடத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

ஸ்கேனுக்குப் போகும் நாள்

எம்.ஆர்.ஐ.யில் எக்ஸ் கதிர் இல்லை. ஆனால் காந்தம் உண்டு, அதுவும் எந்நேரமும் இயங்கும் காந்தம். 1.5 டெஸ்லா இயந்திரம் பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30 ஆயிரம் மடங்கு வலிமை கொண்டது. 2018 ஜனவரியில் மும்பை மருத்துவமனை ஒன்றில் நோயாளியின் உறவினர் ஆக்சிஜன் சிலிண்டரோடு அறைக்குள் போய், காந்தத்தால் இழுக்கப்பட்டு உயிரிழந்தார். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாயில் கிளிப், காதில் காக்ளியர் கருவி, உடலில் உலோகத் துண்டு எது இருந்தாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். தாலி, மெட்டி, தாயத்து, ஹேர்பின், வெள்ளி அரைஞாண் எல்லாம் வெளியே வர வேண்டும். தாலியைக் கழற்றத் தயங்குபவர்கள் மஞ்சள் கயிற்றில் மஞ்சள் துண்டைக் கட்டிக்கொள்வது நம் ஊர் வழக்கம்; கயிற்றில் உலோகக் கொக்கி இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

காண்ட்ராஸ்ட் ஊசி உண்டென்றால் சிறுநீரகம் பற்றிச் சொல்ல வேண்டும். சிறுநீரகம் மிகவும் பழுதானவர்களுக்குப் பழைய வகைக் கடோலினிய மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுகச் செய்யும் நோயை உண்டாக்குவது 2006இல் தெரியவந்தது. இப்போதுள்ள வளைய வகை மருந்துகளில் அந்த ஆபத்து மிகமிகக் குறைவு. ஆனாலும் சர்க்கரை நோயாளிகளும் டயாலிசிஸ் செய்பவர்களும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும். கர்ப்பிணிகளுக்கு, தவிர்க்க முடியாத நிலை இருந்தாலொழிய இந்த மருந்து கொடுப்பதில்லை.

பழைய ஸ்கேன்களைக் கொண்டுபோவதும் முக்கியம். ஒரு கட்டி இரண்டு ஆண்டுகளாக அளவு மாறாமல் இருக்கிறது என்ற தகவல் புதிய படத்துக்கு நிகரான மதிப்புள்ளது. வாங்கும்போது ஃபிலிமோடு நிறுத்திவிடாமல் படங்கள் முழுவதும் அடங்கிய சி.டி.யைக் கேட்டு வாங்க வேண்டும். இரண்டாவது கருத்து கேட்கப் போகும் இடத்தில் ஃபிலிமை வைத்துக்கொண்டு ஏ.டி.சி. அளவை யாரும் அளக்க முடியாது.

பயாப்ஸி முடிவு வந்ததும் மருத்துவரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "எம்.ஆர்.ஐ. சொன்னதும் திசுப் பரிசோதனை சொன்னதும் ஒத்துப்போகின்றனவா?" எம்.ஆர்.ஐ.யில் சந்தேகம் உச்சத்தில் இருந்து, பயாப்ஸியில் "புற்று இல்லை" என்று வந்தால், ஊசி சரியான இடத்தில் படாமல் போயிருக்கலாம். அப்போது நிம்மதிப் பெருமூச்சோடு வீடு திரும்பாமல், மறுபடி திசு எடுப்பதா, எத்தனை மாதத்தில் மறு ஸ்கேன் என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.